மாதவிடாய் நிற்கும் காலமும் வளவு மூலிகைகளும்

பெண்பிள்ளை பூப்பெய்தினால் எமது வீடுகளில் அவளுக்குத் தனிக் கவனிப்புக் கிடைக்கிறது. உழுத்தங்களி கிண்டுகிறோம், நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறோம். பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக்கறி காய்ச்சுகிறோம். வேது வைத்த தண்ணீரில் குளிக்க வார்க்கிறோம். ஆனால் அதே தாய்க்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் மாதவிடாய் நிற்கத் தொடங்கும்போது அவளுக்கென்று வீட்டில் எதுவும் காய்ச்சப்படுவதில்லை. அவள் சொல்வதுமில்லை, மற்றவர்கள் கேட்பதுமில்லை.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் இருபது வயதாக இருந்த பெண்கள் இப்போது ஐம்பதை எட்டிவிட்டார்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த முப்பது வயதுத் தாய்மார் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். இடப்பெயர்விலும் மீள்குடியேற்றத்திலும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய தலைமுறை இதுவே. இவர்களுள் பலர் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே நடத்துகிறவர்கள். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்களும் உண்டு. இவர்களுடைய உடல் இப்போது ஒரு பெரிய மாற்றத்தினூடாகச் செல்கிறது. அதை விளங்கிக்கொள்ளவும், வளவிலும் அடுக்களையிலும் உள்ளவற்றைப் பாவித்து அந்தக் காலத்தை இலகுவாக்கவும், எங்கே கைமருந்தை நிறுத்தி வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதை அறியவும் இந்தப் பாடம் உதவும். கணவன்மாரும் பிள்ளைகளும் இதை வாசிப்பது நல்லது.

உடலில் நடப்பது என்ன?

பெண்ணின் சூலகங்கள் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. வயது நாற்பதைத் தாண்டிய பின் இச்சுரப்பு ஒழுங்கற்றதாகி, மெல்ல மெல்லக் குறைகிறது. முதலில் மாதவிடாய் முந்தியும் பிந்தியும் வரும். சில மாதம் வராமலும் போகும். தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் மாதவிடாய் முற்றாக நின்றுவிட்டது என்று கொள்ளலாம். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 இற்கும் 55 இற்கும் இடைப்பட்ட வயதில் நடக்கிறது. புகைப்பவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள் முந்தலாம். கர்ப்பப்பையுடன் இரு சூலகங்களையும் சத்திரசிகிச்சையில் அகற்றியவர்களுக்கு இது உடனேயே தொடங்கிவிடும். 40 வயதுக்கு முன் நின்றால் அது வழமையானதல்ல. அப்படியானவர்கள் கட்டாயம் வைத்தியரைக் காணவேண்டும்.

மூளையில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதி உண்டு. ஈஸ்திரோஜன் குறையும்போது அப்பகுதி சிறு சூட்டையும் பெரும் சூடாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைப் பெருக்கி, உடலைக் குளிர்விக்கப் பார்க்கிறது. இதுவே நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் தீயாக ஏறும் வெக்கை. சில நிமிடங்களில் அடங்கிவிடும்; பின் குளிரும். இரவில் வந்தால் சட்டை நனையும், நித்திரை கெடும். நித்திரை கெட்டால் மறுநாள் அலுப்பும் எரிச்சலும் மறதியும் சேரும். மூட்டு நோவு, பிறப்புறுப்பில் வறட்சியும் உறவின்போது நோவும், அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவையும் வரலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் இக்காலம் கடந்துவிடும். சிலருக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கும்.

"வெளியேறாத கெட்ட இரத்தம் தலைக்கு ஏறுகிறது" என்று சொல்வோர் உண்டு. அது தவறு. மாதவிடாய் நின்றபின் உடலில் கெட்ட இரத்தம் தேங்குவதில்லை. ஆகவே அதை வெளியேற்றுவதற்கென்று விற்கப்படும் மருந்துகளும் பேதி மருந்துகளும் தேவையில்லை.

இது நோயுமல்ல, வெட்கப்படவேண்டிய விடயமுமல்ல. சாராளுக்குப் பெண்களுக்குரிய வழமை நின்றுபோயிருந்தது என்பதை ஆதியாகமம் 18 ஆம் அதிகாரம் மூடி மறைக்காமல் சொல்கிறது. வேதத்தில் எழுதக்கூடியதை நாம் வீட்டில் பேசலாம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கியவுடன் கருத்தரிக்கும் வாய்ப்பு இல்லாமற் போவதில்லை. 50 வயதுக்கு மேல் நின்றவர்கள் ஓர் ஆண்டும், 50 வயதுக்கு முன் நின்றவர்கள் இரண்டு ஆண்டுகளும் குடும்பக்கட்டுப்பாட்டைத் தொடர்வது பாதுகாப்பானது.

முதலில் சூட்டைக் குறைத்தல்

மருந்தைத் தேடுமுன் வீட்டைப் பார்ப்போம். தகரக் கூரையின் கீழ் மத்தியானத்தில் சுகதேகிக்கே தாங்கமுடியாது. இந்தத் தாய்மாருக்கு அது இரட்டைச் சூடு. தகரத்தின் மேல் கிடுகு பரப்பிக் கட்டினால் உள்ளே வெக்கை குறையும். மேற்குப் பக்கச் சுவரோரம் பாகலோ பீர்க்கோ படரவிட்டால் பின்னேர வெயில் சுவரில் விழாது, கறிக்கும் ஆகும்.

நைலோன் துணியை விட்டுப் பருத்திச் சட்டையும் பருத்திச் சீலையும் உடுப்பது நல்லது. இரவில் தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீரும் நனைத்த துணியும் மாற்றுச் சட்டையும் இருக்கட்டும். வெக்கை ஏறும்போது துணியைப் பிடரியிலும் கைமணிக்கட்டிலும் வைக்கவேண்டும். தோட்ட வேலையைக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் பின்னேரம் நாலு மணிக்குப் பின்னும் வைத்துக்கொள்ளலாம். கொதிக்கும் தேநீர், அதிக உறைப்பு, புகையிலை ஆகியவை சிலருக்கு வெக்கையைக் கிளப்பும். எது கிளப்புகிறது என்று அவரவர் கவனித்துக் குறைத்தல் வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கமுள்ளவர்கள் அதை விடுவதற்கு இதுவே நல்ல நேரம். வாய்ப் புற்றுநோய் அபாயமும் குறையும்.

இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஆனால் வீட்டார் ஒத்துழைப்பு வேண்டும். இரவு நித்திரை கெட்ட தாய்க்குப் பகலில் ஒரு மணிநேரம் படுக்க விடுவதும், தண்ணீர் அள்ளும் வேலையைப் பிள்ளைகள் ஏற்பதும் மருந்தைப் போலவே உதவும்.

மூலிகைகளை மூன்று வகையாகப் பிரிப்போம்

"மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. உடலில் வேலை செய்யக்கூடிய எதுவும் பிழையாகவும் வேலை செய்யக்கூடும். ஆகவே மூலிகைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாம் வகை: உணவாக உண்பவை

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பிலுள்ள கல்சியம் வேகமாகக் குறைகிறது. விழுந்தால் கைமணிக்கட்டும் இடுப்பெலும்பும் முறிவது இதனால்தான். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. பால் வாங்க வசதியில்லாத வீட்டிலும் இதில் ஒரு நல்ல பங்கைப் பெறமுடியும்.

எள்ளு: தோல் நீக்காத எள்ளு 100 கிராமில் ஏறத்தாழ 970 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் 85 மில்லிகிராம் வரை கிடைக்கும். ஈஸ்திரோஜனைச் சிறிதளவு ஒத்த, தாவரங்களுக்குரிய சில பொருட்களும் எள்ளில் உள்ளன.

குரக்கன்: 100 கிராம் மாவில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. பிட்டாகவும் ரொட்டியாகவும் கஞ்சியாகவும் உண்ணலாம்.

முருங்கையிலை: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. வறையாகச் செய்யலாம். தேங்காய்ப்பூ சேர்ப்பது சுவைக்கு நல்லது.

நெத்தலி: முள்ளுடன் சேர்த்து உண்டால்தான் கல்சியம் கிடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தண்ணீரில் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கவேண்டும்.

உழுந்து: வயதுடன் கரையும் தசைக்குப் புரதம் வேண்டும். பூப்பெய்திய பிள்ளைக்குக் கொடுத்த உழுத்தங்களியைத் தாய்க்கும் கிழமையில் இரண்டு நாள் கொடுப்பதில் நன்மையே உண்டு.

சோயா அவரை: இதிலும் ஈஸ்திரோஜனை ஒத்த பொருட்கள் உண்டு. ஆய்வுகளில் சில பெண்களுக்கு வெக்கை ஓரளவு குறைந்தது, சிலருக்கு மாற்றமில்லை. அவித்த சோயா அவரை ஒரு பிடி நல்ல உணவு. தைரொயிட்டுக் குளிசை எடுப்பவர்கள் குளிசைக்கும் சோயாவுக்கும் இடையே சில மணிநேரம் விடவேண்டும்.

கல்சியம் எலும்பில் சேர வெயிலில் கிடைக்கும் விற்றமின் டீ யும், உடலைத் தாங்கி நடக்கும் வேலையும் தேவை. தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டும் உண்டு. முகாமிலோ ஒரு அறை வீட்டிலோ அடைந்திருப்பவர்கள் தினமும் அரை மணிநேரமாவது வெளியே நடக்கவேண்டும்.

இரண்டாம் வகை: வீட்டுக் கைமருந்து

மல்லி, சீரகம்: உடற்சூட்டுக்கு எமது மூத்தோர் கொடுத்தது. வெக்கையை நிறுத்தும் என்று ஆய்வுகள் நிறுவவில்லை. ஆனால் வியர்வையில் இழந்த நீரை ஈடுசெய்யும், கெடுதலில்லை, தேநீருக்கு நல்ல மாற்று. நன்னாரி வேரும் வெட்டிவேரும் போட்ட தண்ணீரும் இவ்வாறே.

வெந்தயம்: சிறு ஆய்வுகள் சிலவற்றில் வெக்கை குறைந்ததாகக் காணப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும். வெந்தயம் இரத்தச் சீனியைக் குறைக்கும். நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள் அதிகம் எடுத்தால் சீனி கீழிறங்கித் தலை சுற்றும். இரத்தம் உறையாமைக்கு வோர்பரின் குளிசை எடுப்பவர்கள் மருந்தாகப் பாவிக்கக்கூடாது.

வல்லாரை: மனத்தெளிவுக்கு என்று சம்பலாகவும் சுண்டலாகவும் உண்கிறோம். உணவாக நல்லது. தூளாகவும் குளிசையாகவும் நீண்டகாலம் எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டுள்ளது. ஆகவே உணவோடு நிறுத்திக்கொள்ளவும்.

நொச்சியிலை ஒத்தடம், நல்லெண்ணெய்: மூட்டு நோவுக்கு இளஞ்சூடான நல்லெண்ணெய் தடவி, வறுத்த நொச்சியிலையைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது இதமானது. சீனி வியாதியால் கால் விறைப்பு உள்ளவர்களுக்குச் சூடு தெரியாது. மற்றொருவர் கையில் வைத்துச் சூட்டைப் பார்த்தபின்னரே கொடுக்கவேண்டும்.

பிறப்புறுப்பு வறட்சிக்கு: சுத்தமான தேங்காயெண்ணெய் சில துளிகள் உறவின்போது நோவைக் குறைக்கும். ஆணுறை பாவிப்பவர்கள் எண்ணெய் பாவிக்கக்கூடாது, ஆணுறை கிழிந்துவிடும். உள்ளே சவர்க்காரம், தேசிக்காய்ச் சாறு, மஞ்சள், மூலிகைச் சாறு எதையும் விடவேண்டாம். அவை புண்ணையும் கிருமித் தொற்றையும் ஏற்படுத்தும். இது மனைவி மட்டும் பொறுத்துக்கொள்ளவேண்டிய விடயமல்ல. நோவென்று அவள் சொன்னால் கணவன் அதை மதிக்கவேண்டும்.

மூன்றாம் வகை: பதிவுபெற்ற வைத்தியர் சொன்னால் மட்டும்

சாத்தாவாரி: தண்ணீர்விட்டான் கிழங்கு என்றும் சொல்வர். இதன் இலையைக் கஞ்சிக்குப் போடுவது பழைய வழக்கம். கிழங்குத் தூளைப் பாலில் கலந்து கொடுப்பது சித்த வைத்தியத்தில் பெண்களின் நலிவுக்கு உரியது. இதன் பயனைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் கிழங்கைப் பாவிக்கக்கூடாது. சோயாக் குளிசைக்கும் இது பொருந்தும்.

அமுக்கிரா: நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பர். தைரொயிட்டு நோய், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

அதிமதுரம்: பல சூரணங்களில் சேர்கிறது. கிழமைக்கணக்கில் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். உடலில் பொட்டாசியம் குறையும். பிறசர் உள்ளவர்கள் தவிர்க்கவேண்டும்.

அசோகம்பட்டை: அதிக இரத்தப்போக்குக்கு உரிய மருந்து. ஏன் இரத்தம் போகிறது என்று அறியாமல் இதைக் காய்ச்சிக் குடித்தால் இரத்தம் சிலநாள் அடங்கலாம்; உள்ளிருக்கும் நோய் வளரும்.

கற்றாழை: தோலுக்கும் சதைக்கும் இடையில் வடியும் மஞ்சள் பால் கடும் பேதியைத் தரும். அதைக் கழுவி நீக்காமல் உண்ணக்கூடாது.

பற்பம், செந்தூரம்: இவற்றிற் பல உலோகங்களிலிருந்து செய்யப்படுபவை. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் விற்பவர்களிடம் வாங்கினால் ஈயமும் பாதரசமும் உடலில் சேரும் அபாயம் உண்டு. எமது நாட்டில் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்பதில் தவறில்லை. யாழ்ப்பாணத்தில் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை உண்டு. பரியாரியாரிடம் போகும்போது ஆங்கில மருந்துத் துண்டையும், ஆங்கில வைத்தியரிடம் போகும்போது பரியாரியார் தந்த மருந்தையும் காட்டவேண்டும். ஒன்றுக்கொன்று மறைத்தால் கெடுதல் எமக்கே.

மூன்று செய்முறைகள்

1. மல்லி சீரகக் குடிநீர்: மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி எடுத்து இலேசாக இடிக்கவும். நாலு தம்ளர் தண்ணீரில் போட்டு மூன்று தம்ளராக வற்றும்வரை காய்ச்சி, வடித்து ஆறவிடவும். அன்றன்றே குடித்து முடிக்கவேண்டும். சீனி தேவையில்லை.

2. எள்ளுத் தூள்: எள்ளைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெடிக்கும்வரை மெல்லிய நெருப்பில் வறுத்து இடிக்கவும். காய்ந்த போத்தலில் இறுக மூடி வைத்தால் இரண்டு கிழமை இருக்கும். நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி கஞ்சியிலோ பிட்டிலோ தூவி உண்ணவும். பனங்கட்டி சேர்த்து எள்ளுருண்டையும் பிடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியும் சீனியே என்பதை மறக்கக்கூடாது.

3. குரக்கன் உழுத்தங்கஞ்சி: வறுத்த உழுத்தம்மா ஒரு மேசைக்கரண்டி, குரக்கன்மா இரண்டு மேசைக்கரண்டி எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவும். இரண்டு தம்ளர் கொதிநீரில் ஊற்றிக் கிண்டவும். வெந்து தடித்ததும் சிறிதளவு தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து, எள்ளுத்தூள் தூவி இறக்கவும். காலை உணவாக ஒருவருக்குப் போதுமானது.

கொப்பியில் குறித்து வையுங்கள்

ஒரே நேரத்தில் நாலைந்து மருந்தைத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒன்றைத் தொடங்கி நாலு கிழமை பாருங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் மூன்று விடயங்களைத் தினமும் குறியுங்கள்: பகலில் எத்தனை தரம் வெக்கை வந்தது, இரவில் எத்தனை தரம் விழித்தீர்கள், மாதவிடாய் வந்ததா. எழுதத் தெரியாதவர்கள் கோடு போடலாம்.

இது ஏன் தேவை? வெக்கை தானாகவும் கூடிக் குறையும். ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசையைக் கொடுத்தபோதும் பல பெண்களுக்கு வெக்கை கணிசமாகக் குறைந்தது. நாலு கிழமையில் கோடுகள் குறையாவிட்டால் அந்த மருந்தை விட்டுவிடலாம், பணம் மிஞ்சும். குறைந்தால் தொடரலாம். தோல் கடி, வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் கடுமையாக நிறம் மாறுதல் கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரைக் காணவேண்டும். அந்தக் கொப்பியை வைத்தியரிடம் காட்டினால் அவருக்கும் உதவியாக இருக்கும்.

கைமருந்துக்கு அடங்காதவை

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் மூலிகையில் காலம் கடத்தக்கூடாது.

மாதவிடாய் ஓர் ஆண்டு நின்றபின் மீண்டும் இரத்தம் காணல். ஒரு துளியானாலும், ஒரு நாளானாலும் காட்டவேண்டும். பெரும்பாலும் சிறு காரணமாகவே இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவே. முதலில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். "திரும்ப இளமை வந்திருக்கிறது" என்று பகிடி பண்ணி விட்டுவிடும் வழக்கம் உயிரைக் கொண்டுபோகும்.

மாதவிடாய் நிற்குமுன் கட்டி கட்டியாக, துணிக்கு மேல் துணி நனையும்படி இரத்தம் போதல். உறவின்பின் இரத்தம் காணல்.

இரவு வியர்வையுடன் இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், உடல் மெலிவு. இது காசநோயாக இருக்கலாம். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் இதை மிகவும் கவனிக்கவேண்டும்.

வெக்கையுடன் நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், நன்றாக உண்டும் மெலிதல். தைரொயிட்டுச் சுரப்பியைச் சோதிக்கவேண்டும். நெஞ்சு நோவும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய இலவச அம்புலன்சில் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமின்மை, அழுகை, சாக வேண்டும் என்ற எண்ணம். இழப்புகளைச் சுமக்கும் தாய்மாரிடம் பழைய துயரமும் நித்திரையின்மையும் இக்காலத்தில் ஒன்றுசேர்ந்து வரும். இதை "மாதவிடாய் நிற்கிற குணம்" என்று ஒதுக்கவேண்டாம். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை உண்டு.

பன்னிரண்டு வருடம் உதிரப்போக்குடன் இருந்த பெண்ணைப் பற்றி மாற்கு சுவிசேஷம் 5 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பல வைத்தியரிடம் உள்ளதெல்லாம் செலவழித்தும் சுகம் காணாதவள் அவள். எமது தாய்மார் அப்படிச் செலவழிக்கவேண்டிய தேவையில்லை. 1996 முதல் எமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே இலவசமாகச் சோதிக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தின் கஷ்டங்களையும் கேட்கலாம். உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளையும் இடத்தையும் அறியலாம். வேறு பிரிவிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களும் தாம் இப்போது வசிக்கும் பிரிவின் உத்தியோகத்தரையே நாடலாம்.

ஓமோன் சிகிச்சை பற்றி

மூலிகையாலும் உணவாலும் அடங்காத வெக்கைக்கு வைத்தியர்கள் ஓமோன் மருந்து கொடுப்பதுண்டு. வெக்கைக்கு இன்றுள்ள மருந்துகளில் மிகுந்த பயனுள்ளது அதுவே. 2002 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பின் மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி பற்றிய பயத்தால் பலர் அதைக் கைவிட்டார்கள். அந்த ஆய்வில் வயது கூடிய பெண்களே அதிகம் இருந்தார்கள். 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டு கடக்காத, வேறு நோயில்லாத பெண்களுக்கு அதனால் வரும் நன்மை பெரும்பாலும் ஆபத்திலும் அதிகம் என்பதே இன்றைய கருத்து. மார்பகப் புற்றுநோய், பாரிசவாதம், இரத்தக்கட்டி, கடும் ஈரல் நோய் இருந்தவர்களுக்கு அது ஆகாது. வறட்சிக்கு மட்டும் பூசும் மருந்தும் உண்டு. வைத்தியரிடம் கேட்கத் தயங்கவேண்டாம். மூலிகையை நம்புகிறவர்கள் இதைக் கேட்பது எமது மூத்தோரை அவமதிப்பதாகாது.

காணியில்லாத வீட்டிலும் மூலிகை

இடம்பெயர்ந்தபோது நாம் இழந்தவற்றில் வேலியோரத்து முருங்கையும் கிணற்றடி வல்லாரையும் அடங்கும். பிறருடைய காணியில் இருப்பவர்களுக்கு மரம் நடும் உரிமை இல்லை. ஆனால் பழைய உரப்பையிலும் உடைந்த வாளியிலும் நடலாம். கிளம்ப வேண்டி வந்தால் கையோடு கொண்டுபோகலாம். உரப்பையை நன்றாகக் கழுவி, அடியில் துளையிட்டு, மண்ணும் எருவும் கலந்து நிரப்பவும். முகம் கழுவும் தண்ணீர் போகும் நிழலான இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளரும். வெயில் படும் இடத்தில் துளசியும் கற்றாழையும் வைக்கலாம். சாத்தாவாரிக்குப் பெரிய பையும் படரக் கம்பும் தேவை. அதன் கிழங்கு முற்ற இரண்டு ஆண்டுகளாவது வேண்டும். தோண்டும்போது சில கிழங்குகளை எடுத்துக்கொண்டு தண்டின் அடியை விட்டால் மீண்டும் வளரும்.

காணியுள்ளவர்கள் வேலியில் மூன்றடி முருங்கைத் தடிகளை நடவும். காலபோக நெல் அறுத்த வயலில் ஈரம் இருக்கும்போது எள்ளு விதைத்தால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும். விற்பனைக்குக் கொடுக்குமுன் வீட்டுத் தாய்க்கென்று இரண்டு கொத்து ஒதுக்கி வைப்பது நல்ல வழக்கம்.

காட்டில் மூலிகை பறிக்கப் போகிறவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். புதிய இடத்தில் ஒத்த தோற்றமுள்ள வேறு செடி இருக்கலாம். தெரிந்தவர் காட்டாமல் பறிக்கக்கூடாது. கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடத்துக்கும், அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காணிக்கும் எந்த மூலிகைக்காகவும் கால்வைக்கக்கூடாது. வன்னியில் விறகுக்கும் மூலிகைக்கும் தேனுக்கும் போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பூச்சிகொல்லி அடித்த வயலின் வரம்பில் உள்ள இலைகளையும் பறிக்கவேண்டாம்.

குழுவில் கலந்துரையாட

மாதர் சங்கத்திலோ செபக் கூட்டத்திலோ இந்தப் பாடத்தை வாசித்தபின் கீழ்க்கண்டவற்றைப் பேசலாம்.

1. எமது கிராமத்தில் மாதவிடாய் நிற்பதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அவற்றில் எது சரி, எது தவறு?

2. எமது பாட்டிமார் இக்காலத்தில் எதை உண்டார்கள்? அதை இன்று எங்கே பெறலாம்?

3. எமது குழுவில் 35 வயதைத் தாண்டியும் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருமுறையும் போகாதவர் எத்தனை பேர்? சேர்ந்து போக ஒரு நாளைக் குறிக்கலாமா? அன்று பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் யார் பார்ப்பார்கள்?

4. இரத்தம் மீண்டும் கண்டும் சொல்லாமல் இருக்கும் ஒரு தாயை நாம் அறிவோமா? அவளோடு யார் பேசுவது?

நாலாவது கேள்விக்கு "ஆம்" என்று ஒருவர் பதில் சொன்னாலும், கூட்டம் கலையுமுன் யார் அவளோடு வைத்தியசாலைக்குப் போவது என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். மற்றக் கேள்விகளை அடுத்த மாதக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.